ரெக்கா, டிராவலா? அமெரிக்க ஊர் சாக்கர் கிளப்பில் பிள்ளையை எதில் சேர்ப்பது

மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் ஊர்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "ரெக்கிலேயே இருக்கட்டுமா, டிராவலுக்கு ட்ரைஅவுட் அனுப்பலாமா?" நியூ ஜெர்ஸிப் பக்கம் டிராவல் என்பார்கள், கலிஃபோர்னியாவில் காம்ப் (காம்பெட்டிட்டிவ் என்பதன் சுருக்கம்), டெக்சஸில் செலக்ட். சங்கதி ஒன்றுதான். ஊர் சாக்கர் (கால்பந்து) கிளப்பில், பெயர் கொடுத்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பொழுதுபோக்குப் பிரிவு ஒன்று, அதுதான் ரெக். ட்ரைஅவுட் என்ற தேர்வு வைத்து ஆள் எடுக்கும் போட்டிப் பிரிவு ஒன்று, அதுதான் டிராவல். முதலாவதுக்கு ஒரு சீசனுக்கு 100 முதல் 200 டாலர் வரை ஆகும். இரண்டாவது பல ஊர்களில் வருடத்துக்கு 1,500 டாலரில் தொடங்கி 3,000-ஐயும் தாண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, அதுவே வந்து கேட்டு நச்சரிக்காத வரை, ரெக் போதும். அதற்கு மேல் டிராவல் நல்லதா கெட்டதா என்பதைக் கிளப்பின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளை அங்கே எந்த அணியில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதே கட்டணத்துக்கு முதல் அணியில் கிடைப்பது ஒன்று, மூன்றாவது அணியில் கிடைப்பது வேறு.

ரெக்குக்கு இந்த நாட்டில் இலக்கணம் வகுத்தது ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற அமைப்பு. 1964-இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் ஊரில் ஆரம்பித்தது. எல்லாரும் ஆட வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை: அணியில் பெயர் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் மைதானத்தில் இருந்தாக வேண்டும். இன்னொன்று, அணிகள் சமமாக இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் ஒரே அணியில் குவிக்கக் கூடாது. வருடா வருடம் கலைத்துப் பிரிப்பார்கள். கோச் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோதான், சம்பளம் கிடையாது. ஏ.ஒய்.எஸ்.ஓ.வைச் சேராத ஊர் கிளப்புகளும் தங்கள் ரெக் பிரிவை ஏறக்குறைய இதே வழியில்தான் நடத்துகின்றன.

"ரெக்கில் சும்மா ஓட விடுகிறார்கள், டிராவலில்தான் நிஜ சாக்கர்" என்று ஒரு பேச்சு உண்டு. மைதானத்தையும் விதிகளையும் பொறுத்தவரை அதில் உண்மை இல்லை. அமெரிக்க சாக்கர் சம்மேளனம் 2017-இலிருந்து வகுத்துள்ள முறை இரண்டு பிரிவுக்கும் பொது. 8 வயது வரை அணிக்கு 4 பேர், கோல்கீப்பர் கிடையாது. 10 வயது வரை 7 பேர், 12 வயது வரை 9 பேர், 13-இலிருந்துதான் 11 பேர். பந்தும் அதற்கேற்ப 3, 4, 5 என்று பெரிதாகிக்கொண்டு போகும். 10 வயது வரை பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்ற தடையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 3,000 டாலர் கட்டினாலும் உங்கள் ஒன்பது வயதுப் பையன் அதே அளவு மைதானத்தில், அதே பந்தில், அதே விதியில்தான் ஆடுவான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? முதலில், யார் எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்பதில். ஒரு சனிக்கிழமை காலை ரெக் மைதானத்துக்குப் போய் எல்லைக்கோட்டருகே நின்று பாருங்கள். கோச்சின் கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் இருக்கும். ஆட்டத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, பெயருக்கு எதிரே டிக் போட்டிருப்பார். ஆட்டம் 2-2-இல் நிற்கும். அணியின் சூரப்புலிக்கு இந்தப் பகுதியில் ஓய்வு. ஷூ லேஸை அடிக்கடி குனிந்து கட்டிக்கொண்டிருக்கிற பையன் உள்ளே போக வேண்டிய முறை. கோச்சின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், மனசில்லாமல்தான் அனுப்புகிறார். ஆனால் அனுப்புவார். அங்கே விதி அந்தப் பையன் பக்கம் நிற்கிறது. டிராவலில் அதே கட்டம் வந்தால் முடிவு கோச்சின் கையில். சில கிளப்புகள் குறைந்தபட்ச நேரத்தை எழுத்தில் தருகின்றன; பல, "கோச்சின் விருப்பம்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன.

ரெக்கைக் கோவில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. அதன் பெரிய ஓட்டை கோச் விஷயம்தான், முழுக்க முழுக்க குலுக்கல் சீட்டு. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் பயிற்சி. அதில் பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு முறை கோலை நோக்கி உதைக்க விட்டு, மறுபடியும் வரிசைக்கு அனுப்புகிற கோச் கிடைத்தால், ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளையின் கால் பந்தில் பட்டது பத்துப் பதினைந்து தடவைதான் இருக்கும். அடுத்த மைதானத்திலேயே, தானும் கல்லூரியில் ஆடிய ஒரு அம்மா, ஆளுக்கொரு பந்து கொடுத்துக் கடைசி நிமிடம் வரை ஓட விட்டுக்கொண்டிருப்பார். கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான். யார் அமைவார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். (அதிர்ஷ்டத்தை நம்பாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: நீங்களே துணைக் கோச்சாகப் பெயர் கொடுங்கள். ஆள் கிடைக்காமல் அலைகிற கிளப் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும். பின்னணிச் சரிபார்ப்பு, சில மணி நேர இணையப் பயிற்சி, அவ்வளவுதான்.)

இன்னொரு குறை, நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு வருவது. எல்லாரையும் தாண்டிக்கொண்டு போய் வாரா வாரம் நாலு கோல் போடுகிற எட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் வருடம் சந்தோஷமாகத்தான் இருக்கும். இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: பாஸ் கொடுப்பதில்லை. கொடுத்தால் பந்து திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். தலை குனிந்து பந்தை மட்டும் பார்த்து ஓடுகிற அந்தப் பழக்கத்தை 12 வயதில் மாற்றுவது கஷ்டம். டிராவலுக்கு நியாயமான காரணம் என்று நான் முதலில் ஒப்புக்கொள்வது இதைத்தான். அங்கே பாஸ் கொடுத்தால் பந்து திரும்பி வரும். எதிரணியும் சரிக்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் லீகில் அணிகளைத் திறமைப்படி அடுக்குகளாகப் பிரித்துத்தான் மோத விடுவார்கள்.

டிராவலில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பயிற்சி, சம்பளம் வாங்கும் கோச், பெரும்பாலும் சம்மேளனத்தின் உரிமம் ஏதாவது ஒரு படியில் வைத்திருப்பவர். ஆகஸ்டில் ஆரம்பித்தால் ஜூன் வரை ஓடும், குளிர்காலத்தில் உள்ளரங்கம். உள்ளே போக ட்ரைஅவுட். மாலை ஆறு மணிக்கு நான்கு குட்டி மைதானம் கோடு போட்டு வைத்திருப்பார்கள். முதுகில் எண் குத்திய சட்டையோடு பிள்ளைகள் ஆடுவார்கள். அட்டையும் பேனாவுமாக மூன்று நான்கு பேர் சுற்றி வருவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒருவர் வந்து, "37, அந்தப் பக்கம் போ" என்பார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு எது மேல் மைதானம், எது கீழ் மைதானம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கிவிடும். பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே. அன்று இரவோ மறுநாளோ மின்னஞ்சல் வரும்: இந்த அணியில் இடம் தருகிறோம், இத்தனை மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டி உறுதி செய்யுங்கள், முன்பணம் திருப்பித் தரப்படாது.

அந்த மின்னஞ்சலில் அணியின் பெயரை நிதானமாகப் படியுங்கள். பெரிய கிளப்புகளில் ஒரே வயதுக்கு மூன்று, நான்கு அணிகள் இருக்கும். சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறத்தின் பெயர் வைத்திருப்பார்கள், ஏ, பி, சி என்று சொல்ல மனம் வராமல். முதல் அணிக்குக் கிளப்பின் தலைமைக் கோச், நல்ல நேரத்தில் நல்ல மைதானம், வலுவான லீக். மூன்றாவது அணிக்குப் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளம் கோச். அவர் பாதி வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால், வேறு அணியின் கோச் வந்து ஒப்பேற்றுவார். கட்டணம் மட்டும் மூன்று அணிக்கும் ஒன்றே. மைதான வாடகை, அலுவலகச் செலவு, தலைமைக் கோச்சின் சம்பளம் எல்லாம் மொத்த வசூலில் இருந்துதான் போகிறது என்பதால், மூன்றாவது அணியின் பெற்றோர் கட்டும் பணத்தில் ஒரு பங்கு முதல் அணியைத் தாங்கப் போகிறது என்று நான் சொன்னால் எந்தக் கிளப் பொருளாளரும் என்னோடு ரொம்ப நேரம் வாதாட மாட்டார். ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளிலும் ஒன்றிரண்டு வருடத்தில் மேலே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சியும், ஞாயிற்றுக்கிழமை 40 மைல் தள்ளி ஒரு ஆட்டமும், அதில் பாதி நேரம் பென்ச்சும் என்றால், அந்த 2,500 டாலருக்கு வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

பென்ச் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. ஏழு பேர் ஆடும் வயதில் ஆட்டம் 50 நிமிடம், அணியில் 12 பேர் வரை சேர்க்கலாம். கோச் அணுவும் பிசகாமல் சமமாகப் பிரித்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சுமார் 29 நிமிடம். அதே அணியில் பத்துப் பேர் மட்டும் என்றால் 35. ஒன்பது பேர் ஆடும் வயதில் ஆட்டம் 60 நிமிடம், 16 பேர் வரை இருக்கலாம். சமமாகப் பிரித்தால் 34 நிமிடம்கூட வராது. சமமாகப் பிரிப்பதும் நிச்சயமில்லை. ஆகவே கிளப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கோச்சிடம் என்ன உரிமம் இருக்கிறது?" என்பதல்ல, "அணியில் எத்தனை பேர்?" என்பதுதான்.

செலவு கட்டணத்தோடு நிற்காது. சீருடைக்கு ஒரு 200, 300 டாலர். டோர்னமெண்ட் வந்தால் தனி. மெமோரியல் டே, லேபர் டே, கொலம்பஸ் டே என்று நீண்ட வார இறுதி எதுவும் மிஞ்சாது. சில டோர்னமெண்டுகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் அறை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆஸ்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2024-இல் பெற்றோரிடம் எடுத்த கணக்கின்படி, ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 1,016 டாலர் செலவழிக்கிறது. 2019-ஐவிட 46 சதவீதம் அதிகம். ரெக்கையும் சேர்த்த சராசரி அது. டிராவல் பெற்றோர் அந்தத் தொகையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். கொலம்பஸ் டே டோர்னமெண்ட் பல வருடங்களில் நவராத்திரியை ஒட்டி வருகிறது. கொலுவுக்கு அழைத்தவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு மாளாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஞாயிறு என்றால் டிராவல் ஆட்டத்தோடு நேராக மோதும். ரெக் ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை காலை, ஊருக்குள்ளேயே. பத்து நிமிடத்தில் வீடு. பாட்டு, பரதம், தமிழ், சாக்கர் நான்கும் வேண்டும் என்கிற வீட்டில் டிராவல் வந்தால் ஏதோ ஒன்று போயே ஆகும். அது எது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொண்டால் அக்டோபரில் சண்டை குறையும்.

ஸ்காலர்ஷிப் பேச்சையும் எடுத்துவிடுகிறேன், யாராவது ஒரு மாமா விருந்தில் கட்டாயம் எடுப்பார். உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடும் பையன்களில் கல்லூரி அணியை எட்டுகிறவர்கள் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படி நூற்றுக்கு ஐந்தாறு பேர். அதில் மேல் அடுக்கான டிவிஷன் 1-ஐ எட்டுகிறவர்கள் ஒன்றிரண்டு. டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது. நாலாம் வகுப்பில் இருந்து கட்டுகிற டிராவல் கட்டணத்தை அப்படியே சேமித்து வைத்தால் கல்லூரிச் செலவுக்கு அதுவே உறுதியான உதவி. ட்யூஷன் வைத்தால் மார்க் ஏறும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஒன்பது வயதில் இரண்டு மடங்கு பயிற்சி கொடுத்தால் இரண்டு மடங்கு ஆட்டம் வரும் என்று நம்பத் தோன்றுகிறது.

குழந்தை மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இல் தந்த பரிந்துரையில், ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் வருடத்தில் மொத்தம் மூன்று மாதமும் அந்த விளையாட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. முழங்கால், குதிகால் வலிகளும் சலித்துப்போய் விளையாட்டையே விடுவதும்தான் அதற்குக் காரணம். பதினொரு மாத டிராவல் அட்டவணையில் அந்த மூன்று மாதத்தை எங்கிருந்து எடுப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெண்கள் அணியின் நட்சத்திரமாக இருந்த அலெக்ஸ் மோர்கன் சிறு வயதில் ஆடியது ஏ.ஒய்.எஸ்.ஓ.வில், கிளப் அணிக்குப் போனது 14 வயதில்தான். அப்புறம் ஒரு ஒலிம்பிக் தங்கம், இரண்டு உலகக் கோப்பை. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. ஒன்பது வயதில் ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலே கிடையாது என்கிற பதற்றம் வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

12 வயதைத் தாண்டினால் என் வாதம் வலுவிழக்கிறது. பல ஊர்களில் ரெக் அணிகள் அந்த வயதில் மெலிந்துவிடும். பாதிப் பேர் டிராவலுக்குப் போயிருப்பார்கள், மீதியில் பாதிப் பேர் கூடைப்பந்துக்கோ வீடியோ கேமுக்கோ. 11 பேர் ஆட வேண்டிய வயதில் சனிக்கிழமை காலை எட்டுப் பேர் வந்து நிற்கும் அணியில் ஆர்வமுள்ள பிள்ளையை வைத்திருப்பது அதைத் தண்டிப்பது மாதிரி. பெரிய உயர்நிலைப் பள்ளி என்றால், ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணித் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் டிராவலில் ஆடியவர்களாக இருப்பார்கள். பள்ளி அணியில் ஆட வேண்டும் என்று உங்கள் பெண்ணே சொன்னால், ஆறாம் ஏழாம் வகுப்பில் டிராவலுக்கு மாறுவது புத்திசாலித்தனம். அப்போது இரண்டாவது அணி கிடைத்தால்கூட நான் சரி என்பேன்.

இந்த வருடம் முடிவெடுக்கிறவர்கள் கவனிக்க இன்னொரு விஷயம் இருக்கிறது. இதுவரை பிறந்த தேதிப்படி வயதுப் பிரிவு ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை. 2026-27 சீசனிலிருந்து யு.எஸ். யூத் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ., யு.எஸ். கிளப் சாக்கர் மூன்றும் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாற்றுகின்றன; பள்ளி வகுப்போடு ஒட்டிப் போகும். சின்ன வயதுத் தேர்வுகளில் பிரிவின் ஆரம்ப மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அனுகூலம் அதிகம். பத்து மாதம் மூத்த பிள்ளை உயரமாக, வேகமாக இருக்கும், அதைத் திறமை என்று கோச் எழுதிக்கொள்வார். இதுவரை ஜனவரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தச் சலுகை இனி ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளுக்கு. உங்கள் மகன் ஜூன், ஜூலையில் பிறந்தவன் என்றால் ட்ரைஅவுட்டில் கீழ் மைதானத்துக்கு அனுப்பப்பட்டதை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருப்பதைப் பலர் விசாரிப்பதே இல்லை. ஏ.ஒய்.எஸ்.ஓ.வின் எக்ஸ்ட்ரா திட்டம் அப்படி: தேர்வு வைத்து எடுப்பார்கள், ஆனால் கோச்சுகள் தன்னார்வலர்கள், கட்டணம் டிராவலில் ஒரு பங்குதான். வேறு கிளப்புகளில் ரெக் பிள்ளைகளுக்கே வாரம் ஒரு நாள் சம்பளக் கோச்சின் கூடுதல் பயிற்சி இருக்கும்; ரெக் சீசன் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டிப் பக்கத்து ஊரோடு மோத விடுகிற வழக்கமும் உண்டு. குளிர்காலத்தில் ஃபுட்சால் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. சின்ன அரங்கம், எழும்பாத பந்து, அணிக்கு ஐந்தே பேர், ஒளிந்துகொள்ள இடமில்லை. எட்டிலிருந்து பதினொரு வயது வரை ஆர்வமுள்ள பிள்ளைக்கு ரெக்கும் குளிர்கால ஃபுட்சாலும் சேர்ந்தாலே டிராவலின் மூன்றாவது அணியைவிட அதிகம் கற்றுக்கொள்ளும் என்பது என் கணிப்பு. செலவும் அதில் கால்வாசி.

சரி, டிராவல்தான் என்று முடிவாகிவிட்டால், கையெழுத்துப் போடுமுன் சிலதை எழுத்தில் வாங்குங்கள். இந்த அணிக்குக் கோச் யார், அவரே வருடம் முழுக்க இருப்பாரா? குறைந்தபட்ச ஆட்ட நேரம் உண்டா? வெளியூர் டோர்னமெண்ட் எத்தனை? கால் உடைந்தாலோ ஊர் மாறினாலோ பணம் திரும்புமா? முடிந்தால் ஒரு மாலை, சொல்லாமல் போய் அந்தக் கோச்சின் பயிற்சியைப் பாருங்கள். தவறு செய்கிற பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பது எந்தத் தகவல் ஏட்டிலும் இருக்காது. கட்டண உதவி பெரும்பாலான கிளப்புகளில் உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அதற்கான படிவத்துக்கு ட்ரைஅவுட்டுக்கு முன்பே கெடு முடிந்துவிடுவதும் உண்டு.

ட்ரைஅவுட் முடிவு வரும் வரை ரெக் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தன்னார்வக் கோச் கிடைக்காத வயதுப் பிரிவில் இடங்கள் சீக்கிரம் நிரம்பி, காத்திருப்போர் பட்டியல் ஆரம்பித்துவிடும். முதலில் ரெக்கில் பதிந்துவிட்டு ட்ரைஅவுட்டுக்கு அனுப்புங்கள். டிராவலில் இடம் கிடைத்தால், அதே கிளப் என்கிறபோது பெரும்பாலும் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு ரெக் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது புதுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள்.